கிழவன் பாறையின் இடுப்பு

நூரித் தீவு
ஆறாம் மாத அமாவாசைக்கு மறுநாள், நல்ல மழை

அன்பு மகள் ஹேரினுக்கு,

மேற்குக் கடலின் ஏகச் சக்கரவர்த்தியும், நூரித் தீவின் சகல நண்டுகளுக்கும் அதிபதியும், ஒரு ஜாடி அரிசிக் கள்ளை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நேர்கோட்டில் நடந்து வீடு சேரக்கூடிய கடைசி ஆண்மகனும், உன் அப்பா போன பிறகு உன்னைத் தோளில் சுமந்து வளர்த்தவனுமாகிய உன் சித்தப்பா தாக் பான்சொக் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் சித்தி ஜொம்ரே உடம்பளவில் சுகம், நாய் சுகம், கூரையில் ஒழுகும் ஓட்டையும் போன வருடம் இருந்த இடத்திலேயே சுகமாக இருக்கிறது. அங்கே உன் சுகத்தைக் கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். பதிலை நிதானமாக எழுது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் உன் சுகம் கொஞ்சம் குறையும், குறைய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போனில் பேசியிருக்கலாமே சித்தப்பா என்பாய். போனில் நான் கத்தினால் நீ ஒலியைக் குறைத்து வைத்துவிட்டுக் காப்பி போடப் போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். கடிதத்தின் ஒலியைக் குறைக்க இன்னும் யாரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை. என் கோபம் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்றால், காலையில் அடுப்பில் வைக்காமலே என் கையில் இருந்த கெண்டித் தண்ணீர் கொதித்தது. நாய் என்னைக் கண்டு வாலை மடக்கி எதிர்வீட்டில் குடியேறிவிட்டது. எல்லாம் உன்னால். கடற்கரையே இல்லாத நாடு என்று உலகத்தில் தேடித் தேடி ஸ்லோவாக்கியாவைக் கண்டுபிடித்து, அங்கே கார்த் தொழிற்சாலையில் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் நீ, அங்கிருந்தபடி நம் கடலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாய். மீனவர் சங்கத் தலைவன் பியோ தொக்சிலுக்குப் போன் போட்டு உன் சித்தியின் விசிலைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறாய். அதை நான் உன் வாயால் கேட்கவில்லை. சங்கக் கூட்டத்தில், ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, அந்தப் பியோவின் வாயால் கேட்டேன். என் காதில் யாராவது உயிருள்ள நண்டை விட்டிருந்தால்கூட அவ்வளவு துடித்திருக்க மாட்டேன்.

முதலில் நடந்ததை முழுதாகக் கேள், பக்கத்து வீட்டுப் பையன் சாங்கு உனக்குப் போனில் அனுப்பிய அரைகுறைச் செய்தியை மற. நீ விமானம் ஏறிய வருடம் வடக்கு வளைகுடாவின் வாயை அடைத்து அணை கட்டினார்களே, அதற்குப் பிறகு நம் தீவு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. படகுத்துறைப் பக்கம் வீடு உள்ளவர்கள் கடல் ஏறுகிறது என்கிறார்கள். சேற்றுவெளிக்கு மட்டி பொறுக்கப் போகும் பெண்கள் கடல் இறங்குகிறது என்கிறார்கள். இரண்டு பக்கமும் சத்தியம் செய்கிறது. பௌர்ணமி ஏற்றத்தில் துறைச் சாலை முங்குகிறது, கடைக்காரனின் ஐஸ்பெட்டி மிதந்துபோய்க் கோழிக்கூண்டில் முட்டி நின்றது, சாங்கு அம்மாவின் கிம்ச்சி ஜாடிகள் வரிசையாகக் கப்பற்படை மாதிரி கிளம்பிப் போனதை நானே சல்யூட் அடித்து வழியனுப்பினேன். ஆனால் அதே பௌர்ணமியில் தண்ணீர் வற்றும்போது, கிழவன் பாறைக்கு அந்தப் பக்கம், என் தாத்தாவின் தாத்தாவும் ஈரமில்லாமல் பார்த்திராத தரை வெளியே வருகிறது. அங்கே கிடக்கும் மட்டி ஒவ்வொன்றும் என் செருப்பு அளவு. சரி, என் செருப்பில் பாதி. ஊர்ப் பொதுக் குளியல்கூடத்தில் இரண்டு கட்சியும் ஒன்றாக உட்கார்ந்தால் முதுகு தேய்த்துவிட ஆள் கிடைக்காது, அப்படி ஒரு சண்டை. "கடல் ஏறுதுன்னா எப்படிடா புதுத் தரை முளைக்குது, உன் பாட்டன் உப்பிப் போய் எழுந்து வந்தானா?" என்று இவர்கள் கேட்க, "இறங்குதுன்னா என் கிம்ச்சி ஜாடி எங்கடி, நீ திருடித் தின்னியா?" என்று அவர்கள் கேட்பார்கள். பியோ எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. புதுத் தரை வந்ததும் துறையில் சிவப்புத் துணியில் எழுதித் தொங்கவிட்டான், கடல் நமக்கு நிலம் தந்தது என்று. பிறகு சங்கத்தின் மட்டி எல்லையைக் கிழவன் பாறைக்கு அப்பால் தள்ளி வைத்தான், மொக்போ துறைமுகத்து வியாபாரிகளைக் கூட்டி வந்து காட்டினான். கடல் என்னமோ அவனுடைய மாமனார் மாதிரி.

உன் சித்தியின் விசில் எப்படி வேலை செய்யும் என்று உனக்குத் தெரியும், ஆனால் அந்த ஊரில் கார்க்கதவு பார்த்துப் பார்த்து மறந்திருப்பாய், அதனால் நினைவுபடுத்துகிறேன். மட்டிக்குப் போகும் பெண்களில் ஒருத்தி மட்டும் மட்டி பொறுக்க மாட்டாள், கிழவன் பாறையைப் பார்த்தபடி நிற்பாள். பாறையின் இடுப்பைச் சுற்றிச் சிப்பிகள் ஒரு பட்டை கட்டினதுபோல ஒட்டியிருக்கும், ஏறிவரும் தண்ணீர் அந்தப் பட்டையைத் தொட்டதும் விசில் ஊத வேண்டும். விசில் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், கைக்கு எட்டும் தூரத்தில் தங்கமே கிடந்தாலும். அதற்குப் பிறகு ஒரு மட்டி குனிந்து எடுத்தவள் அன்றைய கூடை முழுவதையும் மற்றவர்களுக்குப் பங்கு வைக்க வேண்டும். சித்திக்கு முன்னால் அவள் மாமியார் ஊதினாள், அதற்கு முன்னால் யாரோ கொம்பு ஊதினார்கள். சித்தி ஊத ஆரம்பித்த பிறகு இந்தத் தீவில் ஒரு பெண்ணும் தண்ணீரோடு போகவில்லை. விசிலை மதிக்காமல் மறுபடி உள்ளே போன ஒரே ஆள் யார் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் மாதப் பெரிய வற்றத்தில் பியோவின் புதுத் தரைக்கு எல்லாரும் கூடையை ஏற்றிச் சேற்றில் வழுக்கிப் போகும் பலகையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெயில் தெளிவாக அடித்தது, மூடுபனி ஒரு துளி இல்லை. சித்தி பாறையையே பார்த்துக்கொண்டு நின்றாள், பட்டையில் தண்ணீர் பட்டதும் ஊதினாள். எல்லாரும் உடனே திரும்பினார்கள், யாரும் குனியவில்லை. கேட்டாயா? எல்லாரும் உடனே திரும்பினார்கள். ஆனால் கரைக்கும் அவர்களுக்கும் நடுவே இருக்கும் பின்னோடைக்கு வந்து பார்த்தால், வழக்கமாகக் கணுக்கால் நனைக்கும் தண்ணீர் மார்பைத் தொடுகிறது, அதுவும் குதிரை ஓடுவதுபோல ஓடுகிறது. சித்தி ஒரு நொடியும் கத்தவில்லையாம். கூடைகளைக் கொட்டச் சொன்னாள், பலகைகளை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டச் சொன்னாள், வயதானவர்களைப் பலகைமேல் படுக்கச் சொன்னாள், தான் கடைசியில் தண்ணீரில் நின்று தள்ளினாள். சாங்கு அம்மா பலகையில் குப்புறக் கிடந்தபடியே, "ஜொம்ரே, என் மட்டி போச்சுடி, என் மட்டி!" என்று அழுதாளாம். சித்தி, "உன் உசிரு போகலையேன்னு சந்தோஷப்படுடி மூதேவி, வாயை மூடு, தண்ணி போகுது உள்ள" என்றாளாம். வாயை மூடுவதற்குள் சாங்கு அம்மாவின் பல்செட் விழுந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பல்செட் வளைகுடாவில் சுற்றுகிறது, போன வாரம் என் தூண்டில் மீனின் முதுகில் கடித்த அடையாளம் பார்த்தேன். எல்லாரும் கரை ஏறிப் போர்வை போர்த்தி உட்கார்ந்து சோயா கஞ்சி குடித்து முடித்த பிறகு, அலறிக்கொண்டு மீட்புப் படகு வந்து, மிதந்துகொண்டிருந்த ஒரு ரப்பர் வாளியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போனது.

சிரித்தாயா? நானும் அன்றைக்குச் சிரித்தேன். பிறகு சித்தியின் கையைப் பார்த்தேன், கயிறு இழுத்த இடத்தில் தோல் இல்லை. அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பட்டையில பட்டதும்தான் ஊதினேன்" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போடும்போது மறுபடி சொன்னாள். பூண்டு உரிக்கும்போது சுவரைப் பார்த்துச் சொன்னாள், பட்டையில பட்டதும்தான் ஊதினேன் என்று. இந்த நிலையில் சங்கக் கூட்டம் வைத்தான் பியோ. புதுத் தரைக்கு எல்லையைத் தள்ளினவன் அவன், சிவப்புத் துணி கட்டினவன் அவன், ஆனால் எழுந்து நின்று பேசியது என்ன தெரியுமா? "நம்ம ஜொம்ரே அக்கா பாடுபட்டவங்க, நான் குறை சொல்லல. ஆனா வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல? கண்ணு மங்கும்ல? தண்ணி பட்டையைத் தாண்டினப்புறம்தான் பார்த்திருக்காங்க. நான் சொல்லல, அவங்க வளர்த்த பொண்ணே வெளிநாட்டுலேர்ந்து போன் போட்டு அழுதுச்சு. சித்திக்கு முன்ன மாதிரி பார்வை இல்ல, தயவுசெஞ்சு விசிலை வாங்கிடுங்க தலைவரேன்னு. சொந்தப் பொண்ணு மாதிரி வளர்ந்த புள்ளையே சொல்லுதுன்னா நான் என்ன பண்ண?" இப்படிச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

மகளே, நீ பயந்து பேசினாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் பயத்தை அவன் சாட்சியாக்கிவிட்டான். நீ பேசிய ஒவ்வொரு சொல்லும் அங்கே சித்தியின் தலையில் விழுந்தது. நான் எழுந்து, என் நினைவு சரியென்றால், ஏழு கடல் கேட்கக் கத்தினேன், சங்கக் கட்டடத்தின் ஜன்னல் ஒன்று விரிசல் விட்டது (அது முன்பே விட்டிருந்தது என்று சொல்பவர்களை நம்பாதே). "டேய் தொக்சில், உன் கண்ணு மட்டும் என்ன கழுகுக் கண்ணா, உன் பெண்டாட்டியையே நீ கல்யாணத்துக்கு அப்புறம்தானே சரியா பார்த்தே!" என்றேன். கூட்டம் சிரித்தது, பியோவின் மனைவி எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள், ஆனால் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஜொம்ரே இனிமேல் சேற்றுவெளியில் கால் வைக்கக் கூடாது, விசிலைச் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும், பியோவின் மனைவி ஊதுவாள். சித்தி எழுந்தாள். அழவில்லை. "விசிலை யாரு வாங்கச் சொன்னாளோ அவ கையிலதான் குடுப்பேன். நடுவுல உங்க கைக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

என் கோபம் அடுத்து எங்கே பாய்ந்தது என்று கேட்டால், கடல் மட்டத்தை அளக்கத் துறையில் குழாய் வைத்திருக்கும் அந்த அளவை அலுவலகப் பெண்மேல். யூஜின் என்று பெயர், உன் வயதுதான் இருக்கும், மாதம் ஒரு தடவை வந்து குழாயைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டு போவாள். நான் போய் நின்று, ஏற்றம் எப்போது வற்றம் எப்போது என்று அவள் அலுவலகம் அச்சடிக்கும் ஓத அட்டவணையை அடுப்புக்குக்கூடப் போட மாட்டேன், அது எரிந்தாலும் தப்பான நேரத்தில்தான் எரியும் என்றேன். அவள் பயந்து ஓடுவாள் என்று பார்த்தேன். "அய்யா, முதல்ல சாப்பாடு ஏதாவது இருக்கா? திட்டுறதை வயிறு நிறைஞ்சப்புறம் கேக்குறேன்" என்றாள். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மட்டி போட்ட நூடுல்ஸ் ஐந்து கிண்ணம் சாப்பிட்டாள், ஆறாவதை மறுத்ததை எனக்குக் காட்டிய மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ இயந்திரம் படித்தவள், உனக்கு என்னைவிடச் சீக்கிரம் புரியும்.

"கடல் பொதுவா ஒரு சாண் ஏறினா, ஏற்றமும் ஒரு சாண் ஏறும், வற்றமும் ஒரு சாண் ஏறும், அவ்வளவுதான்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படி இல்லைங்க அய்யா. ஓதம்ங்கிறது ரொம்ப நீளமான அலை, ஆழம் குறைஞ்ச இடத்துல அது தரையில உரசி உரசித்தான் உள்ள வருது, வர்ற வழியில பாதி பலம் போயிடும். தண்ணி ஆழமாச்சுன்னா உரசல் குறையும், பலத்தோட வந்து சேரும். இதுக்கு மேல, வடக்கு வளைகுடாவுல அது போய்ப் பரவி ஓய்வெடுக்க அத்தனை சேற்றுவெளி இருந்துச்சு, அதை அணை கட்டி மூடியாச்சு. இப்ப வர்ற தண்ணி எங்க போகும்? உங்க துறையிலதான் மேல ஏறும். அதே பலத்தோட திரும்பிப் போறப்ப முன்னைவிடக் கீழயும் போகும். எதிர்த்தீவுல போய்ப் பாருங்க, அங்க ஏற்றமே குறைஞ்சிருக்கு, கடலடி அப்படி. ஒவ்வொரு வளைகுடாவுக்கும் ஒவ்வொரு குணம்." நான் மெல்ல, "அப்போ ஏறுதுன்னு சொல்ற கட்சியும்…" என்றேன். "சரி" என்றாள். "இறங்குதுன்னு சொல்ற கட்சியும்…" என்றேன். "வற்றத்தை மட்டும் பார்த்தா அதுவும் சரி" என்றாள். இரண்டு வருடமாகக் குளியல்கூடத்தில் நான் இரண்டு கட்சிக்கும் மாறி மாறி ஊற்றிக் கொடுத்த கள் வீணாகப் போனதே என்று ஜாடிகளை விரல்விட்டு எண்ணினேன்.

அதுவரை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சித்தி அப்போதுதான் திரும்பினாள். "அப்போ கிழவன் பாறை பொய் சொல்லுதா?" என்றாள். "பாறை பொய் சொல்லலைங்கம்மா, அது நின்ன இடத்துலதான் நிக்குது. முன்னாடி தண்ணி அடியிலேர்ந்து உச்சிவரைக்கும் ஏற ஆறு மணி நேரம் எடுத்துச்சு. இப்பவும் ஆறு மணி நேரம்தான், ஆனா ஏற வேண்டிய படி அதிகம். அதனால நடுவுல ஓடுது. பட்டையில பட்டப்புறம் உங்களுக்கு முன்னாடி கிடைச்ச நேரம் இப்ப இல்ல" என்றாள் யூஜின். நீங்க சரியாத்தான் ஊதியிருக்கீங்க என்றும் சொன்னாள். நான் மேசையைத் தட்டி எழுந்தேன், வெற்றி முரசு என்று நினைத்துக் கிண்ணத்தைத்தான் உடைத்தேன். சித்தி சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்தபடியே சொன்னாள்: "சரியா ஊதித்தான் அத்தனை பேரையும் கொல்லப் பார்த்திருக்கேன்." அதற்குப் பிறகு நான் அடுத்த கிண்ணத்தைத் தொடவில்லை.

அன்று மாலையே கோபத்தோடு போய்ப் பியோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அளவை அலுவலகத்துப் பெண்ணும் கூடவே வந்தாள். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அதெல்லாம் சரிங்க, ஆனா தீர்மானம் தீர்மானம்தான். அவங்க வீட்டுப் பொண்ணே கேட்டுக்கிட்டதை நான் எப்படி மீறுவேன்?" என்றான். துறையில் தொங்கிய சிவப்புத் துணியை மட்டும் அவிழ்த்தான். மனைவியிடம் விசில் ஊதச் சொல்லிக் கேட்டான், அவள், "எனக்குப் பாறையும் தெரியாது, தண்ணியும் தெரியாது, பாட்டு ஊதத்தான் தெரியும், ஜொம்ரே அக்கா இல்லாம நான் சேத்துல கால் வைக்க மாட்டேன், நீ போய் ஊது" என்று அடுப்படியில் இருந்து கத்தினாள். மற்ற பெண்களும் அதையே சொன்னார்கள். ஆகவே மட்டி ஒரு பக்கம் கொழுத்துக் கிடக்கிறது, பலகைகள் சுவரில் சாய்ந்து காய்கின்றன, மொக்போ வியாபாரிகள் வந்து வெறும் கையோடு திரும்புகிறார்கள், பியோ துறையில் நின்று கடலைப் பார்த்து நகம் கடிக்கிறான். இது உன் சித்தி நடத்தும் போராட்டம் அல்ல, அவள் யாரையும் போகாதே என்று சொல்லவில்லை. விசில் இல்லாமல் போக அவர்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் உண்மையான சங்கடம் மட்டி அல்ல. பட்டை இனிமேல் உதவாது, புது அடையாளம் வேண்டும். பாறையின் கணுக்காலில் எங்கேயோ, தண்ணீர் எந்த இடத்தைத் தொடும்போது பின்னோடை கடக்கக்கூடியதாக இருக்கிறது என்று தண்ணீர் அதிகம் ஏறி இறங்காத சின்ன ஓத நாட்களில் ஒரு ஆள் போய் நின்று, பாறையையும் ஓடையையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். யூஜினுடைய குழாய் துறையில் இருக்கிறது, ஓடையில் இல்லை, அதை அவளே சொன்னாள், சேற்றில் நடக்கத் தெரிந்த ஆள் கூட வேண்டும் என்றும் சொன்னாள். அந்த ஆளைத்தான் சங்கம் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்கிறது. ஏழாம் மாதப் பௌர்ணமியில் வருடத்தின் பெரிய ஓதம் வரும். அதற்குள் அடையாளம் கிடைக்காவிட்டால், பசி பொறுக்காமல் யாராவது ஒருத்தி விசில் இல்லாமலே இறங்குவாள். சாங்கு அம்மா இப்போதே பலகைக்கு எண்ணெய் போடுகிறாள். புதுப் பல்செட் வாங்க வேண்டுமாம்.

இப்போது கோபத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைக்கிறேன், பயப்படாதே, திரும்ப எடுத்துக்கொள்வேன். உன் அப்பா, என் அண்ணன், விசில் கேட்டுத் திரும்பினவன்தான். பலகையை மறந்துவிட்டேன் என்று பின்னோடையைத் தாண்டி மறுபடி ஓடினான். நீ அப்போது என் தோளில் உட்கார்ந்து துறையில் இருந்து பார்த்தாய். எவ்வளவு பார்த்தாய் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. அதனால் பின்னோடை என்ற சொல்லைப் போனில் பார்த்ததும் உனக்குள் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கடல் இல்லாத நாடாகப் பார்த்துப் போனவள் நீ. சித்தியிடம் நான், "அந்தக் கழுதையை நேரில் பார்த்தால் காதைத் திருகுவேன்" என்றேன். அவள் என்னையே திட்டினாள்: "அவ பயந்தது சரி. ஆளைத்தான் மாத்திப் பயந்துட்டா. என்னைப் பார்த்துப் பயந்திருக்கக் கூடாது, தண்ணியைப் பார்த்துப் பயந்திருக்கணும்." பிறகு, "என்கிட்டயே கேட்டிருக்கலாம். நானே குடுத்திருப்பேன்" என்றாள். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தட்டச்சு இயந்திரத்தில் அடித்து உன் படுக்கைக்கு மேல் ஒட்டிக்கொள். உன்னைத் திட்ட நான் யோசித்து வைத்திருந்த நூறு வசவையும் அவள் ஒரே வரியில் வென்றுவிட்டாள், அந்தப் பொறாமையும் என் கோபத்தில் சேர்ந்திருக்கிறது.

சரி, கோபத்தை மறுபடி எடுத்துக்கொண்டேன். நீ செய்ய வேண்டியது இது. பியோவுக்குப் போன் போடாதே, போனில் நீ சொன்னதை அவன் வேறு மாதிரி திரித்துவிடுவான். உன் அப்பாவின் வீட்டுக்குச் சங்கத்தில் இருக்கும் இடம் உன் பெயரில் இருக்கிறது, நீ கூட்டத்துக்கு வந்து நின்று பேசினால் அவன் கேட்டாக வேண்டும். பௌர்ணமிக்கு முன்னால் வா. வந்து எல்லார் முன்னாலும், நான் பார்த்துச் சொல்லவில்லை, பயந்து சொன்னேன் என்று சொல். சித்தியின் கண் எப்படி என்று பியோ கேட்டால், உன் சட்டையில் மேலே இருந்து மூன்றாவது பொத்தான் வேறு நிறம் என்று அவளே துறையில் இருந்து சொல்லுவாள், கவலைப்படாதே. பிறகு உன் சித்தியோடு சேற்றில் போ. யூஜின் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், அவள் நடுவில். அவள் பாறையைப் பார்க்கட்டும், நீ ஓடையைப் பார். ஓடையை உன்னைவிட உறுத்துப் பார்க்கிறவர்கள் இந்தத் தீவில் யாரும் இல்லை. வர முடியாது, விடுப்பு இல்லை, கார்க்கதவு திறந்துவிடும் என்றெல்லாம் எழுதினால் உன் தொழிற்சாலையின் முதலாளிக்கு என் கையால் கடிதம் போடுவேன், என் கையெழுத்தைப் படிக்க முயன்று அவர் வேலையை விட்டுவிடுவார்.

மற்ற செய்திகள்: சாங்குவுக்குப் பெண் பார்க்கிறார்கள், பெண் வீட்டார் வந்த நேரம் பார்த்துத் துறைச் சாலையில் ஏற்றம், மாப்பிள்ளை முழங்கால்வரை நனைந்து போய் வரவேற்றான், அவர்களுக்குப் பிடித்துவிட்டது. நம் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் வழியாகக் கடல் உள்ளே எட்டிப் பார்த்தது, ஒரு இறால் என்னை நேருக்கு நேர் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பியது. குளிர்காலத்துக்கு முன் வாசலை இரண்டு கல் உயர்த்தப்போகிறேன். ராத்திரி வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. கழுத்தில் துண்டு சுற்று. ரொட்டியைச் சாப்பாடு என்று உனக்கு நீயே பொய் சொல்லிக்கொள்ளாதே. வாரத்தில் ஒரு நாளாவது சோறு வை.

இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் கடற்பாசித் தாள், காய்ந்த நெத்திலி, சித்தி போட்ட மட்டி ஊறுகாய் (மூடியைத் திறக்கும்போது ஜன்னலையும் திற, பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்) எல்லாம் இருக்கிறது. பாசித் தாளுக்கு அடியில், சித்தியின் பழைய கையுறை ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறாள், அதைப் பிரித்துப் பார். நீ கேட்டது உள்ளே இருக்கிறது. பியோவின் கையில் கொடுக்க மாட்டேன், கேட்டவள் கையில்தான் கொடுப்பேன் என்றாளே, சொன்னபடி கொடுத்துவிட்டாள். துறைவரை அவளே பெட்டியைத் தூக்கி வருவாளாம், படகில் ஏற்றும்வரை என்னைத் தொட விடமாட்டாளாம்.

நெடுங்காலம் நல்லபடி வாழ், நோய் நொடி உன் தெருவுக்கே வராமல் போகட்டும், உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் சித்தியின் ஆசியும், மனம் மாறி வீடு திரும்பினால் அந்த நாயின் ஆசியும் உனக்கு உண்டு. கடைசியாக ஒன்று. விசிலைக் கையில் எடுத்ததும், சின்ன வயசில் செய்ததுபோல விளையாட்டுக்கு ஊதிவிடாதே. சத்தம் கேட்டவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது விதி. அந்த விதி எந்த நாட்டில் நின்று ஊதினாலும் மாறாது, ஊதினவளுக்கும் சேர்த்துத்தான்.

கோபம் குறையாத,
உன் சித்தப்பா
தாக் பான்சொக்